பாக்குவெட்டியில் நறுக்கிய மாத்திரை

கணேசுக்கு முப்பத்தொரு வயதுதான். கண்டி டவுனில் புடவைக்கடை வேலை; வீடு ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில். உச்சந்தலை வழுக்கையை இரண்டு வருடமாகச் சீப்பால் மூடிச் சமாளித்து வந்தான். ஒருநாள் பஸ்ஸில், ஐந்து மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி நிலூஷாவுக்குக் கெம்பஸில் படிக்கிற பிள்ளைகள் இருவர் எழுந்து இடம் விட்டார்கள்.

"நீங்களும் மக பக்கத்துல உட்காருங்க, ஐயா" என்றாள் ஒருத்தி.

நிலூஷா வாயைப் பொத்திச் சிரித்தாள். கணேஸ் இறங்கும்வரை நின்றுகொண்டே வந்தான்.

அடுத்த கிழமை யாருக்கும் சொல்லாமல் தோல் டொக்டரிடம் போனான். தலையில் இரண்டு வேளை பூசுகிற மருந்தும் இருக்கிறது, தினமும் விழுங்குகிற மாத்திரையும் இருக்கிறது என்றார் அந்த டொக்டர் அம்மா. லயத்து வீட்டில் கண்ணாடி ஒன்றுதான், அதுவும் வாசல் சுவரில். பூசினால் லயமே பார்க்கும். மாத்திரை போதும் என்றான்.

"கல்யாணம் முடிச்சிட்டீங்களா?"

பிள்ளை வரப்போகிற நேரத்தில் இவனுக்கு என்ன அலங்காரம் என்று நினைப்பாரே என்று கூசி, "இல்ல டொக்டர்" என்றான். அவரும் மேலே கேட்கவில்லை. மாத்திரையை நாலாக வெட்டி, நாளுக்கு ஒரு துண்டு விழுங்கச் சொன்னார்.

மாத்திரை கத்திக்கு வழுக்கியது. அம்மா வீரம்மாவின் பாக்குவெட்டிதான் கச்சிதமாக வெட்டியது. வெட்டிவிட்டு, தூளை ஊதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவான். மாமியாருக்குத் தினமும் அந்தியில் பாக்குச் சீவிக் கொடுப்பது நிலூஷா.

மாத்திரை முடிந்ததும், இன்னும் வாங்கக் கட்டுகஸ்தோட்டையில் ஸமீம் நானாவின் மருந்துக்கடைக்குப் போனான்.

"தம்பி, ஊட்டுல புள்ளத்தாச்சி யாரும் இருக்காங்களா? வெட்டின மாத்திரை, தூள் ஒண்டும் அவங்க கையில படப்படாது. வகுத்துப் புள்ளைக்குக் கூடாது."

கணேஸ் மருந்து வாங்காமலே பஸ் ஏறினான்.

வீட்டில் நிலூஷா கால் நீட்டி உட்கார்ந்து பாக்குச் சீவிக்கொண்டிருந்தாள். பாக்குவெட்டியைப் பிடுங்கினான்.

"இதுல என் மருந்து பட்டிருக்கு. கையக் கழுவு."

"என்ன மருந்துங்க?"

"முடி வளர."

வீரம்மா வெற்றிலை தெறிக்கச் சிரித்தாள். "அடேய், உங்கப்பனுக்கும் இதே மண்டதானேடா. அவரு எந்த டொக்டர்கிட்ட போனாரு?"

ஸமீம் சொன்னதை அவன் சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றது.

"எத்தன நாளாங்க?" நிலூஷா கேட்டாள்.

"நாப்பது நாளு."

அவள் எழுந்து போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். பிறகு, "நாளைக்குக் கிளினிக்குக்கு நீங்களும் வாங்க. நீங்களே சொல்லுங்க" என்றாள்.

கிளினிக்கில் வாங்குப் பலகை நிறையக் கர்ப்பிணிப் பெண்கள். கணேஸ் குரலை இறக்கித்தான் சொன்னான். கேட்கவில்லை என்று நர்ஸ் மிஸ் இன்னொரு தடவை சொல்ல வைத்தார்.

"லேசாப் பட்டதுக்குப் பயப்பட வேணாம். எதுக்கும் டொக்டர்கிட்ட கேப்போம்" என்று நிலூஷாவின் அட்டையில் எழுதினார். "ஏன் வீட்டில சொல்லல?"

"வெக்கமா இருந்திச்சு மிஸ்."

வாங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நிலூஷா அவனைப் பார்க்காமல், வயிற்றில் கை வைத்தபடி டொக்டரின் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.