கந்தசஷ்டியில் வந்த மான்

மான் வேட்டைக்குப் போக நினைக்கும் நம்மவருக்கு என் முதல் புத்திமதி: வேட்டைத் தேதிக்கு ஒத்துக்கொள்ள முன்னர் கோயில் கலண்டரைப் பாருங்கள். கம்பளி உள்ளாடை, செம்மஞ்சள் தொப்பி, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் இதைத் தலைகீழாகச் செய்தவன்.

நான் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறேன். எங்கள் டிப்போவில் வேலை செய்யும் நோர்வேஜியர் ஒருவர்தான் வேட்டைக் குழுவின் தலைவர். என்னோடு சேர்த்து மொத்தம் ஆறு பேர். நகரத்திலிருந்து ஒரு மணித்தியாலத்தில் காடு. ஊரில் துவக்குச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் பாய்ந்தவன் நான். இங்கே வந்து பரீட்சை எழுதித் துவக்கு வாங்கினேன். புத்தி போகிற போக்கைப் பாருங்கள்.

முதல் வருடம் மனைவி கட்டித் தந்த மட்டன் ரோல்ஸை மரத்தடியில் பிரித்தேன். அந்த வாசத்துக்கு மான் மட்டுமல்ல, மரங்கொத்தியும் இடம் மாறிவிட்டது. இரண்டாம் வருடம் மான் வந்த நேரத்தில் நான் போட்டிருந்த நான்கு காற்சட்டைகளில் மூன்றைக் கழற்றியிருந்தேன். உடுப்பு மாட்ட முன்னர் சிறுநீர் கழித்துவிட வேண்டும் என்று எந்த வேட்டைப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் வருடம், டிப்போச் சாப்பாட்டு அறையில் தலைவர் கோப்பியைக் கலக்கியபடி சொன்னார்: "எங்கள் குழுவில் ஒருவரின் மகள் வேட்டைப் பரீட்சையில் தேறிவிட்டாள். இடம் கேட்கிறாள். இந்த முறை நீ ஒன்றைச் சுட்டால் நல்லது." நோர்வேஜியர் ஒருவர் இவ்வளவு சொன்னால் அது கடைசி எச்சரிக்கை. அவர் சொன்ன சனி ஞாயிறுக்கு உடனே தலையாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கலண்டரைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, அது கந்தசஷ்டி எல்லோ? ஞாயிற்றுக்கிழமை சூரன் போர்."

"முருகனே வேடனாய் வந்தவர்தானே?" என்றேன். நல்ல பதில் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

"வந்தவர். மானைக் கண்டனியோ எண்டு கேட்டவர். சுட்டவரோ? வள்ளியே மானின்ரை வயித்திலை பிறந்தவ. விரதத்துக்குள்ளை இறைச்சி இந்த வாசல்படி தாண்டக்கூடாது. சொல்லிப்போட்டன்."

ஆறு நாளும் அவளுக்குப் பாலும் பழமும்தான். என் இதய அடைப்புக்கு ஸ்டென்ற் வைத்த வருடம் எனக்காகப் பிடிக்கத் தொடங்கிய விரதம் அது. தேநீர் பத்து நிமிடம் பிந்தினால் சினக்கிற ஒருவனுக்காக ஒருத்தி பட்டினி கிடக்கிறாள்.

சனிக்கிழமை ஒன்றும் வரவில்லை. ஞாயிறு காலை மெல்லிய பனி விழுந்திருந்தது. தலைவரின் நாய் தூரத்தில் குரைத்தது. சிறிது நேரத்தில், இருபது அடியில், மான் வந்து நின்றது. காற்று என் பக்கம் வீசியது. காற்சட்டை நான்கும் இடுப்பில் இருந்தன. துவக்கை உயர்த்தினேன். அடுப்படியில் ஒரு கிளாஸ் பாலோடு நிற்கும் மனைவி கண்ணுக்குள் வந்தாள். இவளுடைய விரதத்துக்குள் நான் ஒரு உயிரை எடுத்தால், ஆறு நாள் பட்டினியும் வீணாகிவிடாதா? துவக்கை இறக்கினேன். மான் ஏதோ செடியைக் கடித்துப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் போனது. அழுகை வந்துவிட்டது.

"மான் வந்ததா?" என்று வோக்கி டோக்கியில் தலைவர் கேட்டார்.

"இல்லை," என்றேன்.

பனியில் குளம்படிகள் என் சப்பாத்துக்கு முன்னால் கோலம் போட்ட மாதிரிக் கிடந்தன. நாய் அவற்றை மோந்துகொண்டே வந்து, என்னைப் பார்த்துக் குரைத்தது. பின்னால் வந்த தலைவர் குனிந்து குளம்படிகளைப் பார்த்தார். உண்மையைச் சொன்னேன்: "மனைவி எனக்காக ஆறு நாளாகச் சாப்பிடவில்லை."

"அப்படி என்ன செய்தாய் அவளுக்கு?" என்றார்.

விரதம் என்றால் என்னவென்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில் என் தோளில் தட்டி, வரும் வருடம் பரீட்சையில் தேறிய அந்தப் பெட்டைக்கு இடத்தைக் கொடுப்போம் என்றார். நான் விரும்பினால் நாயோடு நடக்கலாமாம். நாயின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

பின்னேரம் மனைவி சூரன் போர் பார்த்துவிட்டு நெற்றி நிறைய வீபூதியோடு வந்தாள். நான் விருது வாங்கப் போகிறவன் போல நிமிர்ந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இடம் போனதையும் சொன்னேன். அவள் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் சுடவேண்டாம் எண்டு எப்ப சொன்னனான்? வீட்டுக்குள்ளை கொண்டராதேங்கோ எண்டுதானே சொன்னனான்! இறைச்சி பதப்பட அங்கை கொட்டிலுக்குள்ளை ஒரு கிழமை தொங்கும் எண்டு நீங்கள்தானே கதைச்சுக் கதைச்சு என்ரை காதைத் திண்டனீங்கள்?"

"உம்மடை விரதம் கெட்டுப்போகும் எண்டுதான்..." என்று இழுத்தேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. கோபமா, சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆறு நாளும் முருகனிட்டை என்னத்தைக் கேட்டனான் எண்டு நினைக்கிறியள்? மூண்டு வருசமாய் இந்த மனிசன் முகம் தொங்கிப்போய் வருது, இந்த முறை ஒண்டைக் காட்டு எண்டுதானே கேட்டனான். அவர் இருபது அடியிலை கொண்டுவந்து நிப்பாட்டியிருக்கிறார்!"