ஆட்சேபமில்லை சார்

“பழைய ஃபிரிட்ஜை மாற்றுவது தொடர்பாக. ஆட்சேபம் இருப்பவர்கள் மாலை ஆறு மணிக்குள் தெரிவிக்கவும். தவறினால் ஒப்புதலாகக் கருதப்படும்.” பால்கனியில் உட்கார்ந்து, குடும்ப வாட்ஸப் குழுவில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறார் என் எதிர்வீட்டுக்காரர். குழுவில் அவர், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், அவ்வளவுதான். மனைவி நாலடி தள்ளித் துணி மடித்துக்கொண்டிருக்கிறார்.

“ஏங்க, இங்கேதானே இருக்கேன். வாயைத் திறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்?”

“எழுத்துல இருக்கட்டும்மா. நாளைக்குப் பேச்சு வரக்கூடாது.”

மத்திய வங்கியில் வெளிநாட்டு ஒத்துழைப்புப் பிரிவின் அதிகாரி அவர். எட்டு நாடுகளில் கிளை பரப்பிய ஒரு பெரிய வங்கியை எட்டு நாட்டு மேற்பார்வையாளர்களும் சேர்ந்து கண்காணிக்கிறார்கள்; நம் நாட்டின் சார்பில் இவர். அவர்களுக்குள் ஒரு வழக்கம். வரைவு மின்னஞ்சலில் சுற்றுக்கு வரும். கெடுவுக்குள் யாரும் மறுக்காவிட்டால் எல்லாரும் சம்மதித்ததாகக் கணக்கு. நம்மவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட மறுத்ததில்லை. அலுவலகத்தில் அவருக்கு ‘ஆட்சேபமில்லை சார்’ என்றே பெயர். “ஒருத்தரைப் பகைச்சுக்காம இத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன், தெரியுமா?” என்று என்னிடம் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

அலுவலகத்து நியாயம் வீட்டில் செல்லாது என்பது மட்டும் அவருக்கு ஏறவே இல்லை. அந்த வீட்டில் அம்மாள் பேசாமல் இருந்தால் கோபமாக இருக்கிறார் என்று பொருள். போன தடவை திரைச்சீலை விஷயத்தில் ஆறு மணி வரை பதில் இல்லை. இவர் போய் ரத்தச் சிவப்பில் வாங்கி வந்துவிட்டார். கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். சாயங்கால வெயில் பட்டால் அந்தக் கூடத்தில் கண்ணைத் திறக்க முடியாது.

இப்படிப்பட்ட மனுஷனைத்தான் சென்ற வாரம் ஒரு வரைவு ஆட்டிவைத்துவிட்டது. அந்த வங்கி ஆட்டம் கண்டால், அதன் தலைமையகம் இருக்கும் தாய்நாடு மற்ற ஏழு நாடுகளுக்கும் ‘உரிய நேரத்தில்’ தெரிவிக்குமாம். எது உரிய நேரம் என்பதையும் தாய்நாடே முடிவு செய்யுமாம்.

“புரியுதா சார்? அங்க கதவை இழுத்துப் பூட்டிட்டு, அப்புறம் நமக்குச் சொல்லுவாங்க. நம்ம ஜனங்க இங்க கிளை வாசல்ல நின்னு வயித்துல அடிச்சுக்கணும்,” என்றார் மாடிப்படியில் என்னை நிறுத்தி.

“அப்போ மறுத்துட வேண்டியதுதானே?”

“மத்த ஆறு நாட்டுக்காரங்களும் தனித்தனியா போன் பண்ணிட்டாங்க. நீங்க ஆரம்பிங்க, நாங்க பின்னாலேயே வர்றோம்கறாங்க. எங்க மேலதிகாரியோ, எதுக்கு வம்பு, சும்மா இருங்கங்கறார்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு நாட்டுப் படித்த மனிதர்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள்!

கெடு நாளன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். நானும் போயிருந்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவதும் எழுந்து நடப்பதுமாக இருந்தார்.

“என்னங்க, இப்படி வேர்க்குது?” என்றார் மனைவி.

“ஒண்ணுமில்லை.”

“ஒண்ணுமில்லாததுக்கா இந்த வேர்வை? சொல்ல வேண்டியதைச் சொல்லித் தொலைங்க. ஒரு வாரமா புரண்டு புரண்டு என் தூக்கத்தையும் சேர்த்துக் கெடுக்கறீங்க.”

ஒற்றை விரலால் தட்டினார். அழித்தார். மறுபடி தட்டி, எனக்குக் காட்டினார்: ‘எங்களுக்கு ஆட்சேபம் உண்டு. கதவைப் பூட்டும் முன்பே எங்களுக்குத் தெரிய வேண்டும்.’ கண்ணை இறுக மூடிக்கொண்டு அனுப்பினார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது.

இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. போன் டிங் என்றது. மறுபடியும் டிங். அப்புறம் மணியே அடிக்க ஆரம்பித்தது.

“எடுத்துப் பாருங்க சார். அந்த ஆறு பேரா, உங்க மேலதிகாரியா?” என்றேன்.

அவர் போனைக் குப்புறக் கவிழ்த்து நாற்காலியில் வைத்தார். அதன் மேலேயே அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார்.