தம்பி காரின் உறுமல்

தம்பி தவறி மூன்று மாதமாகிறது. அவன் காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். எஞ்சின் காற்றிழுக்க அவன் ஆசையாக மாட்டிய, மூடியில்லாத ஓப்பன் ஃபில்டர் தெருமுனையிலேயே உறுமும். அம்மா கேட்டைத் திறக்க ஓடிவருவார். இறங்குவது நான் என்றதும் முகம் வாடிவிடும்.

இன்று கிள்ளானில் ஆக்சசரிஸ் கடைக்குப் போய், "சத்தம் வராத ஃபில்டரா போடுங்க அண்ணே" என்றேன்.

"இது நல்ல சாமான்லா அக்கா. மூடின பெட்டி போட்டா பிக்கப் குறையும்."

"பரவால்ல. பழச நீங்களே வெச்சுக்குங்க."

சத்தமில்லாமல் வீடு வந்து சேர்ந்தேன். அம்மா கேட்டருகே நின்றிருந்தார்.

"சத்தத்த ஏன்டி எடுத்த? நீதான்னு எனக்குத் தெரியும். ஆனாலும் தெருமுனையிலேர்ந்து வாசல் வரைக்கும் அவன் வர்றான்ல."

உடனே கடைக்கு போன் செய்தேன். விற்றுவிட்டாராம்.

இன்று கிள்ளானில் பழைய ஃபில்டர் வாங்கியவர் யார்? எங்கள் தெரு வழியாக ஒருமுறை போய்விட்டுப் போங்களேன்.