ஏழாவது பக்கிள்

என் நிஜார் என் இடுப்பில் நின்றதே இல்லை. அந்தக் காலத்தில் திண்டிவனத்தில் எந்தத் தையல்காரரும் பையனின் இன்றைய அளவுக்குத் துணி வெட்டியதில்லை. மூன்று வருஷம் கழித்து அவன் எப்படி இருப்பான் என்று மனசுக்குள் ஒரு பையனை நிறுத்தி, அவனுக்குத்தான் தைப்பார்கள். "வளர்ற புள்ளங்க" என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், கத்திரிக்கோல் நாலு விரற்கடை தள்ளிப் போய்விடும். நானோ வளருகிற வழியாக இல்லை. மூன்றாம் வகுப்பில் என் நிஜாருக்குள் இன்னொரு பையன் தாராளமாகக் குடியிருக்கலாம். அதைத் தாங்குவதற்குத் தோள்மேல் இரண்டு துணி வார்கள். முதுகில் குறுக்காகப் போய், தோளைத் தாண்டி, முன்பக்கம் பொத்தானில் மாட்டிக்கொள்ளும். அந்தப் பொத்தான் வாரத்துக்கு ஒருமுறை தெறித்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை டிரில் பீரியடில் கைகளை மேலே தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். நிஜார் கீழே போயிற்று.

பள்ளிக்கூடமே சிரித்தது. டிரில் வாத்தியார்கூடத் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். சிரிக்காதவர் தையல் டீச்சர் ஒருவர்தான். ஓடி வந்து, வளையலில் கோத்து வைத்திருந்த ஊக்கைக் கழற்றி என் வாரில் குத்திவிட்டார். "இதுக்கு ஒரு கொக்கி கிக்கி பண்ணித் தர வீட்டுல யாரும் இல்லியா?" என்றார்.

அழுகைக்கு நடுவிலும் எனக்குப் பெருமை விட்டுப்போகவில்லை. "எங்க மாமா விழுப்புரம் லோகோ ஷெட்டுல ஃபிட்டருங்க டீச்சர். இஞ்சினையே கழட்டி மாட்டுவாரு."

"இஞ்சின் மாட்டறவருக்கு நிஜார் மாட்ட வருமான்னு கேட்டுப் பாரு" என்றார் டீச்சர்.

மாமா அம்மாவின் தம்பி. சனிக்கிழமை சாயங்காலம் பாசஞ்சர் வண்டியில் வந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிப் போவார். எத்தனை சோப்புப் போட்டாலும் தலைமுடியில் கரி வாசனை இருக்கும். அந்தச் சனிக்கிழமை டீச்சர் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்தேன். மாமா ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "யாரு, ஒல்லியா, குடை புடிச்சிக்கினு போவாங்களே, அவங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, நீலப் பென்சிலால் படம் போட உட்கார்ந்துவிட்டார்.

முதல் பக்கிள் சைக்கிள் ஸ்போக்கை எட்டு மாதிரி வளைத்தது. திங்கட்கிழமை டீச்சர் வாரை ஒரு இழு இழுத்தார், நழுவிவிட்டது. இரண்டாவது தகர டின்னை வெட்டி, ஓரத்தில் பல் வைத்தது. அது துணியைக் கடித்துக் குதறிவிட்டது. மூன்றாவதுதான் அசல் வேலை. கெட்டியான இரும்புத் தகட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிளவு, நடுவில் ஒரு சட்டம். வார் ஒரு பிளவில் ஏறி, சட்டத்தைத் தாண்டி, மறு பிளவில் இறங்கும். இழுக்க இழுக்கத் தானே இறுகிக்கொள்ளும். தளர்த்த வேண்டுமென்றால் தகட்டைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். "இனிமே ஒனக்கு ஒசரம் வந்தாலும் கவலையில்ல, வராட்டியும் கவலையில்ல மாப்ளே. எப்படி வேணா ஏத்தி எறக்கிக்கலாம்" என்றார் மாமா.

நழுவவில்லை. கிழிக்கவில்லை. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

டீச்சர் மூன்று முறை இழுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே சற்று நேரம் பார்த்தார். அப்புறம், "துரு புடிக்கும். சட்டை கறையாயிடும்னு சொல்லு" என்றார்.

இதைச் சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் முகம் கார்த்திகை விளக்கு மாதிரி ஆகிவிட்டது. "அதான பாத்தேன்! ஜல்தியா பித்தளையில போட்டுடலாம்" என்றார். நாலாவது பித்தளையில் வந்தது. மூலை குத்துகிறது என்று டீச்சர் சொன்னார். குத்தினால் எனக்குத்தானே குத்த வேண்டும்? என்னை ஒருவரும் கேட்கவில்லை. ஐந்தாவதில் மூலைகளை அரத்தால் ராவி, பட்டாணி மாதிரி உருட்டி அனுப்பினார் மாமா. இப்போது பக்கிளில் குறையில்லை, வார்தான் பக்கிளுக்குப் பொருத்தமாக இல்லை என்று சொல்லி, அம்மா தைத்த வாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, டீச்சரே புதிதாக ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். ஓரமெல்லாம் இரட்டைத் தையல், நீல நூலில்.

அந்தச் சனிக்கிழமை மாமா பக்கிளைப் பார்க்கவே இல்லை. வாரைக் கையில் வைத்துக்கொண்டு, நீலத் தையலை விரலால் தடவியபடி உட்கார்ந்திருந்தார். "தையலு ரொம்பச் சீரா இருக்குதுன்னு சொல்லு மாப்ளே" என்றார். சொன்னேன். டீச்சர் மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். அதில் நூலே கோத்திருக்கவில்லை. நான்தான் அதைச் சொன்னேன்.

மாமா நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். டீச்சர் கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. அந்தக் காலத்தில் இரண்டு பேரும் தெருவில் நின்று நாலு வார்த்தை பேசினால் இரயிலடி வரைக்கும் பேச்சாகிவிடும். என் தோளில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஒருவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இதெல்லாம் இப்போது புரிகிறது. அப்போது எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: உலகத்திலேயே ஒரு பக்கிளை ஒழுங்காகச் செய்யத் தெரியாத ஃபிட்டர் என் மாமா. உலகத்திலேயே எதிலும் திருப்திப்படாத பெண் எங்கள் டீச்சர்.

அம்மாவுக்கு வேறு ஒரு கவலை இருந்தது. ஒலக்கூரில் மாமாவுக்கு ஒரு பெண் பார்த்து வைத்திருந்தாள். நல்ல குடும்பம், சொந்த நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டால் களம் கொள்ளாது. அவர்கள் எப்போது வரலாம் என்று ஆள்மேல் ஆள் விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா பேச்செடுக்கும்போதெல்லாம் மாமா, "இந்த பக்கிள் வேல முடியட்டும்க்கா, அப்பறம் பாத்துக்கலாம்" என்பார்.

"ஒரு கொக்கி பண்ண இத்தன மாசமாடா? இந்நேரத்துக்கு ரயிலே பண்ணியிருக்கலாம்" என்பாள் அம்மா.

மாமா சிரித்துக்கொண்டே அரத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுவார்.

ஆறாவது பக்கிளுக்கு டீச்சர் சொன்ன குறை, அது மிகவும் மின்னுகிறது என்பது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து என் தோளில் பட்டால், சுவரில் ஒரு வெளிச்சத் துண்டு குதிக்கும். நான் அசைய அசைய அது கரும்பலகையில் ஏறும், கூரைக்குத் தாவும், டீச்சரின் கன்னத்தில் ஒரு நொடி நிற்கும். பையன்கள் பாடத்தை விட்டுவிட்டு அதைப் பார்ப்பார்கள். டீச்சரும்தான் பார்ப்பார். "கண்ணு கூசுதுன்னு சொல்லு" என்றார். மாமா என்ன செய்தார் தெரியுமா? ஏழாவதைப் புளி போட்டு இன்னும் பளபளவென்று தேய்த்தார். போதாததற்கு, நடுச்சட்டத்தின்மேல் அரிசியளவுக்கு ஓர் இலையும் செதுக்கி அனுப்பினார்.

எனக்கோ பொறுமை தீர்ந்துவிட்டது. புதுப் பக்கிள் வருகிற திங்கட்கிழமையெல்லாம் வகுப்புக்கு முன்னால் நிற்க வேண்டும். டீச்சர் முன்பக்கம் இழுப்பார், திரும்பு என்பார், பின்பக்கம் இழுப்பார். பெண் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பையன்கள் எனக்குப் பெயரே மாற்றிவிட்டார்கள். "டேய் பக்கிளு, இன்னைக்கி என்னா மாடலு?" என்று ரோட்டில் போகும்போதுகூடக் கூப்பிட்டார்கள். மானம் போயிற்று என்றால் அப்படிப் போயிற்று.

ஏழாவதைப் பார்த்த அன்றைக்கு டீச்சர் இழுக்கவே இல்லை. அந்த இலையின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். ஒரு குறையும் சொல்லவில்லை. அப்பாடா, விட்டது சனியன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாமா நாளைக்கி வருவாரில்ல? ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சதும் நான் தையல் ரூம்லதான் இருப்பேன். அவரையே ஒரு தடவ வந்து பாக்கச் சொல்லு. ஒரு சின்னத் திருத்தம் இருக்குது. ஒங்கிட்ட சொல்லியனுப்ப முடியாது. நேர்ல சொன்னாதான் புரியும்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல், தன் குடையின் கைப்பிடியைப் பார்த்துச் சொன்னார்.

இதுவரைக்கும் ஒருவர்தான் இழுத்தார். இனிமேல் மாமாவும் பள்ளிக்கூடத்துக்கே வந்து, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்களோ? எட்டாவது, ஒன்பதாவது என்று நான் ஐந்தாம் வகுப்புப் போகும் வரைக்கும் இது ஓயாதோ? அந்த இராத்திரி பூராவும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்.

சனிக்கிழமை மாமா வந்தவுடன், ஒரு காலில் பூட்ஸைக் கழற்றியபடியே, "என்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"சரியா இருக்குதாம் மாமா. இனிமே எதுவும் மாத்த வேணாமாம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"எலையப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"பாத்துட்டு?"

"சரியா இருக்குது, போதும்னாங்க."

போதும் என்ற வார்த்தையை நான்தான் சேர்த்தேன். கேட்பதற்கு நிச்சயமாக இருக்கட்டும் என்று சேர்த்தேன். மாமா இன்னொரு பூட்ஸைக் கழற்ற மறந்து, அப்படியே உட்கார்ந்திருந்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பக்கிள் முடிஞ்சிதாமே? அப்ப ஒலக்கூருக்குச் சொல்லியனுப்பட்டுமா?" என்று கேட்டாள். மாமா மீதிப் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தபடியே, "சொல்லுக்கா" என்றார்.

மறுநாள் காலையில் அம்மா என்னை வெல்லம் வாங்க அனுப்பினாள். கடைக்குப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தையல் அறை ஜன்னல் திறந்திருந்தது. டீச்சர் உள்ளே உட்கார்ந்திருந்தார். வழக்கமான வெள்ளைப் புடவை இல்லை, இளம்பச்சை. அவருக்குப் பச்சை இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. குனிந்து போய்விடலாம் என்று பார்த்தேன், பாழாய்ப்போன பக்கிள் வெயிலில் மின்னிவிட்டது. வெளிச்சத் துண்டு ஜன்னலுக்குள் விழுந்து அவர் மடியில் ஆடியது. நிமிர்ந்து பார்த்தார்.

"மாமா வரலியா?"

"ஊருக்கே வரலீங்க டீச்சர். விழுப்புரத்துலயே தங்கிட்டாரு."

பொய்க்கு மேல் பொய். மாமா அந்த நேரத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில், துடைத்த சைக்கிள் செயினையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் முகத்தில் சட்டென்று ஒரு தெம்பு வந்தது. "அப்ப நான் கூப்புட்டது அவருக்குத் தெரியாதா?" என்றார்.

வாங்கிப் போக வேண்டிய வெல்லம், தாமதமானால் விழப்போகும் அம்மாவின் உதை, எல்லாம் சேர்ந்து என்னைத் துரத்தின. அங்கிருந்து தப்பித்தால் போதும் என்று இருந்தது. "தெரியுங்க. முந்தாநாளே ஷெட்டுக்குப் போறவங்ககிட்ட சொல்லியனுப்பிட்டேன். நீங்க கூப்புட்டீங்கன்னுதான் சொல்லச் சொன்னேன். பக்கிள் வேல முடிஞ்சிடுச்சி, இனிமே அதப் பத்திப் பேச்சே வேணாம்னு பதில் சொல்லியனுப்பிட்டாரு" என்றேன்.

டீச்சர் எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினார்.

திங்கட்கிழமை என்னை யாரும் முன்னால் கூப்பிடவில்லை. வெளிச்சத் துண்டு சுவரில் தன் பாட்டுக்கு ஆடியது, டீச்சர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம்! இரண்டே வாரத்தில் என் பழைய பெயர் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அடுத்த வருஷம் டீச்சர் பாண்டிச்சேரிப் பக்கம் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

அவர்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அம்மா கிணற்றில் குதிப்பேன் என்றிருப்பாள், அவர்கள் வீட்டிலும் யாராவது அதையேதான் சொல்லியிருப்பார்கள். ஒலக்கூர் அத்தையும் தங்கமானவர், அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை அவர்களுடையது. அதை நான் எடுத்துக்கொண்டேன். மாமா போய்ச் சேரும் வரைக்கும் அவரிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கும் நினைத்தால் என்னை நானே இரண்டு அறை அறையலாம் போலிருக்கிறது.

கல்யாணம் ஒலக்கூரில் நடந்தது. ஏழாவது பக்கிளைத்தான் போட்டுக்கொண்டு போனேன். பந்தலில் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது, சாமியானா ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாக விழுந்துகொண்டிருந்தது. தாலி கட்டி முடிந்து எழுந்த மாமா, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, கழுத்து மாலையோடு குனிந்து, என் தோள்வாரைப் பிடித்து இழுத்தார்.

"நழுவுதா மாப்ளே?"

"இல்ல மாமா. கெட்டியா நிக்குது."

கட்டைவிரலால் அந்த இலையைத் தடவிவிட்டு, மறுபடியும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். இவ்வளவு பெரிய ஃபிட்டருக்குத் தன் வேலைமேல் இன்னும் நம்பிக்கை வரவில்லையே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவர் நம்பட்டும் என்று, இரண்டு கைகளையும் நன்றாக மேலே தூக்கிக் காட்டினேன்.