காதில் செருகிய பென்சில்

ஷார்ஜா கம்பெனி ஒன்றில் லீவு விண்ணப்பங்களை நிரப்பித் தருவது என் வேலை. மருதாணித் தாடியும் காதில் செருகிய பென்சிலுமாக அந்தப் பதான் தச்சர் வந்தாலே எனக்கு எரிச்சல் வரும். அப்போது அவர் நாட்டில் நடந்த போரில் பக்கத்து நாட்டுப் பட்டாளம் எல்லை தாண்டி அவர் கிராமத்துக்குள் புகுந்துவிட்டது. குடும்பம் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தது. ஊர் மாறும்போதெல்லாம், லீவில் தங்கும் முகவரியை மாற்றச் சொல்லி வந்து நிற்பார். நான் புதுத்தாள் எடுப்பேன்.

ஐந்தாவது முறை கத்திவிட்டேன்.

"பாய், ஒரே அட்ரஸா சொல்லுங்க! கலாஸ், முடிஞ்சுது! இனிமே பேப்பர் மாஃபி, கிடையாது!"

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டி, இந்தியில் நிதானமாகச் சொன்னார்:

"இதால எழுதுங்க பாய். நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க இன்னும் எத்தனை ஊர் ஓடணுமோ."

விண்ணப்பத்தைப் பேனாவால்தான் எழுத வேண்டும் என்பது விதி. பென்சிலை வாங்கிக்கொண்டேன்.