கண்ணாடிக்குள் வந்த அம்பு

மக்களே, இதை அவசரப்படாமல் வாசியுங்கள். உங்கள் அம்மாவிடம்கூட நான் முழுதாகச் சொல்லாத விஷயம்.

நீங்கள் மலையாள ஊரான கரமனையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். ரெண்டாயிரத்துக்குப் பிறகு ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். நான் ஒரு ஹோட்டலின் பாய்லர் அறையில் வேலை பார்த்தேன். கூட வேலை செய்தவர் நாங்குநேரிப் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவருக்கு வலது கண் மங்கல். அது எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும்.

பாய்லர் கம்பெனிக்காரர்கள் சோதனைக்காக ஒரு தொப்பி கொண்டுவந்தார்கள். நெற்றியில் கேமரா, வலது கண்ணுக்கு முன்னால் சின்னக் கண்ணாடி. நாம் பார்ப்பதைச் சென்னையில் உட்கார்ந்து ஓர் இன்ஜினியர் பார்ப்பார். அவர் அங்கே அம்புக்குறி போட்டால், இங்கே குழாயின் மேலேயே வரைந்ததுபோல் அந்தக் கண்ணாடியில் தெரியும். காதில் அவர் குரல் கேட்கும்.

நான் போட்டுக்கொண்டபோது எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டேன். "மேல உள்ள வால்வா சார், கீழ உள்ளதா?" அண்ணாச்சி வாயே திறக்கவில்லை. அம்பு அவருக்குத் தெரியவுமில்லை. மேசையில் இருந்த டிவியில் அம்போடு அதே படம் ஓடும். அதைப் பார்த்து நான் அவர் முதுகில் தட்டுவேன். இடப்பக்கம் தட்டினால் இடது, நடுவில் தட்டினால் அதுதான். கேமராவுக்கு முதுகு தெரியாதே.

"பெரியவர்தான் பெஸ்ட். சொன்ன உடனே புரிஞ்சுக்கறார். இன்னொருத்தர் ரொம்பக் கேள்வி கேக்கறார்," என்றார் இன்ஜினியர். இனித் தொப்பி அண்ணாச்சிக்குத்தான் என்று முடிவானது.

எங்கள் மலையாளி சூப்பர்வைசர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எந்தா தம்பி, நாக்குக்கு நீளம் கூடிப்போச்சு, அல்லே?"

எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் அண்ணாச்சி தொப்பியை மாட்டினார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "பின்னால நில்லுடே," என்றார்.

"பெஸ்ட்டு ஆளுக்குத் துணை எதுக்கு?"

"வெளையாடாத. எம்பொழப்புல்லா இது."

நான் டீ குடிக்கப் போனேன். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையால் தடவி, உத்தேசமாக ஒரு வால்வைத் திருப்பியிருக்கிறார். சத்தம் கேட்டு ஓடிவந்தேன். அறை முழுக்க நீராவி. அண்ணாச்சிக்கு முழங்கையிலிருந்து விரல்நுனி வரை தோல் வழன்றிருந்தது. கீழே கிடந்த தொப்பிக்குள் இன்ஜினியர் பேசிக்கொண்டிருந்தார். "பெரியவரே, படம் சரியா வரலை. கொஞ்சம் நேராப் பாருங்க."

தொழிலாளியின் கவனக்குறைவு என்று இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதினார்கள். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். அண்ணாச்சியின் விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. "நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று எல்லோரிடமும் சொன்னார். என்னிடமும் அதையேதான் சொன்னார்.

ஊருக்குத் திரும்பிய அவரை நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வேலைக்குத் திரும்பினேன். அறையில் யாருமில்லை. ரிப்போர்ட் ஃபைலை எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழே தமிழில் எழுதினேன்: "பின்னால் நிற்க வேண்டியவன் நான். நிற்கவில்லை." மை காய்கிற வரை ஊதிவிட்டு, ஃபைலை ஆணியில் மாட்டினேன்.