பந்துப் பையில் கிடந்த பிரம்பு

எங்கள் பள்ளிக்கூடத்துப் பந்துப் பையில் பந்தோடு ஒரு பிரம்பும் கிடக்கும். ஆட்டத்தில் தோற்றால் பழைய டிரில் சார் முதலில் கோல்கீப்பரின் உள்ளங்கையில்தான் அடிப்பார். கோல்கீப்பர் நான்.

அந்த மனுஷன் மாற்றலாகிப் போய்ப் புது சார் வந்தார். அவர் யாரையும் அடிக்கவில்லை. எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது; எப்போது அடிப்பார் என்று தெரியாதே. பிரம்பைத் தூக்கி வீச எங்களில் ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை. போகிற ஊருக்கெல்லாம் சுமந்தோம்.

மயிலாடியில் நடந்த ஆட்டத்தில், பந்தைப் பிடிக்கப் பாய்ந்து வலது கை மடங்க விழுந்தேன். மணிக்கட்டு வீங்கியது. முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். இடைவேளையில் சார் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தபோது இடது கையை நீட்டிவிட்டேன். பெரியவர்களிடம் அப்படி வாங்குகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. சார் என்னை உற்றுப் பார்த்தார்.

"அந்தக் கையக் காட்டுலே."

"ஒண்ணுமில்ல சார். நான் விளையாடுவேன் சார்."

வீக்கத்தைப் பார்த்தார். "நீ இனி விளையாடண்டாம் மக்கா. தோத்தா தோத்துட்டுப் போட்டும்." பிறகு மற்றவர்களிடம் சொன்னார்: "பையில பிரம்பு இருக்குல்லா? எடுத்துட்டு வாங்கலே."

எலுமிச்சம்பழம் நறுக்கிய கத்தியாலேயே பிரம்பை இரண்டாக வெட்டினார். மணிக்கட்டின் இரு பக்கமும் துண்டுகளை வைத்து, தன் தோளில் கிடந்த, வியர்வை துடைக்கும் துவர்த்தால் இறுக்கிக் கட்டினார்.

"வைத்தியர்ட்ட போறது வரைக்கும் கை அசையப்பிடாது. அனக்காத."

தலையாட்டினேன். பிரம்பு கட்டுக்குள் போன பிறகும், என் இடது கை உள்ளங்கையை விரித்து அவர் முன்னால் நீட்டியபடியே இருந்தது.